நல்லிறைவனும் அல்லல் உலகும்

ஓர் ஊரில் இரண்டு வீடுகள். ஒன்றில் சாப்பறை ஒலிக்கின்றது. மற்றொன்றில் மணமுழவு முழங்குகின்றது. ஒருத்தி கூந்தலில் மலர் சூடி மகிழ்கின்றாள். மற்றொருத்தி கண்ணீர் சொரிந்து கலங்குகின்றாள். இவ்விரு காட்சிகளையும் ஒருசேரக் கண்ட பக்குடுக்கை நன்கணியார் என்னும் சங்கப் புலவர், உலகை இவ்வாறு படைத்தவன் பண்பில்லாதவனே என்று அஞ்சாது கூறினார். புறநானூற்றின் 194ஆம் பாடலாக விளங்கும் அச்சிறு பாட்டு, சமயச் சிந்தனை வரலாற்றின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றைத் தமிழில் எழுப்பி நிற்கின்றது.

அவ்வினா இதுதான்: இறைவன் நல்லவன் என்பதும், அவன் எல்லாம் வல்லவன் என்பதும், உலகில் துன்பம் மலிந்துள்ளது என்பதும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்? துன்பத்தை நீக்க அவன் விரும்பியும் இயலவில்லையாயின், அவன் ஆற்றல் குறையுடையது. இயன்றும் விரும்பவில்லையாயின், அவன் அருள் குறையுடையது. கிரேக்க அறிஞர் எபிக்யூரசின் பெயரால் வழங்கிவரும் வாதம் இது. 1710இல் செருமானிய அறிஞர் லைப்னிட்சு இறைவனின் நீதியை நிலைநாட்டத் தனி நூலே எழுதினார். 1755 நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் திரண்டிருந்த வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அத்தகைய சமாதானங்களைக் கடுமையாகத் தாக்கிக் கவிதை படைத்தார். ஐரோப்பாவில் இவ்வாறு ஒரு பெரும் விவாதமாக வளர்ந்த இப்பொருள், தமிழில் பாட்டாகவும் காப்பியமாகவும் பதிகமாகவும் சாத்திரமாகவும் பல நூற்றாண்டுகளாகப் பரவிக் கிடக்கின்றது. அவற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். துன்பம் ஏன் வந்தது என்ற வினாவுக்குத் தமிழ் நூல்கள் தரும் விடைகள் சமயத்துக்குச் சமயம் வேறுபடுகின்றன. துன்பத்தைக் கண்டவன் என் செய்தல் வேண்டும் என்ற வினாவுக்கு அவை தரும் விடையோ ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது.

புலவர் எழுப்பிய குரல்

நன்கணியார் பழியுரையோடு நின்றுவிடவில்லை. இவ்வுலகம் கொடியது, எனினும் அதன் இயல்பை உணர்ந்தோர் அதனுள் இனியவற்றைக் காண்பாராக என்று முடிக்கின்றார். இனியவை என்பதற்கு நற்செயல்கள் என்று பழைய உரையாசிரியர் பொருள் காண்பது குறிப்பிடத்தக்கது. படைத்தவனைக் குறை கூறிய வாய், அடுத்த கணமே மனிதன் செய்தற்குரியதைச் சுட்டுகின்றது.

திருவள்ளுவர் நூலிலும் இத்தகைய ஒரு குரல் கேட்கின்றது. கடவுள் வாழ்த்தை முதலதிகாரமாக வைத்தவர் அவர். அவரே இரவச்சம் என்னும் 107ஆம் அதிகாரத்தில், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், அவ்வாறு உலகை அமைத்தவனும் அலைந்து திரிந்து கெடட்டும் என்று சபிக்கின்றார். இறைவனை வாழ்த்திய புலவர் இறைவனைச் சபிப்பதா என்று மாணவர் வியப்பதுண்டு. வள்ளுவரின் சினம் வறுமையின்மீது எழுந்தது. பிறர் பசியைக் கண்டு, எல்லாம் அவன் செயல் என்று அமைதி கொள்ளும் பக்தியை அவர் ஏற்கவில்லை. ஈகை அதிகாரத்தில், பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவத்தோரின் ஆற்றலைவிட, அப்பசியை மாற்றுவாரின் ஆற்றலே பெரிது என்று அவர் கூறியிருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்தவரும் வள்ளுவரே. அவருடைய 37ஆம் குறளில் பல்லக்கைச் சுமப்பவனும் அதில் ஊர்ந்து செல்பவனும் காட்டப்படுகின்றனர். அறத்தின் பயன் இதுவென நூலால் உணர்த்த வேண்டுவதில்லை, அவ்விருவரின் நிலையே அதனைக் காட்டும் எனப் பரிமேலழகர் உரை கண்டார். அவ்விருவரையும் காட்டி அறத்தின் வழி இதுவென்று கூறவேண்டா என இருபதாம் நூற்றாண்டு உரையாளர் சிலர் அதனை மாற்றிப் பொருள் கொண்டனர். இவ்வுரை வேறுபாடு வெறும் இலக்கணச் சிக்கலன்று. பிறன் தோளில் ஏறிய சுமையை அவன் வினையென்று கூறலாமா, கூடாதா என்னும் பெரு வழக்கே அதனுள் அடங்கியுள்ளது.

காப்பியங்கள் காட்டும் நெறி

அவ்வழக்கைச் சிலப்பதிகாரம் ஒரு நாடகமாகவே நடத்திக் காட்டுகின்றது. குற்றமற்ற கோவலன் மதுரையில் வெட்டுண்டு கிடக்கின்றான். கண்ணகி தெருத்தெருவாகச் சென்று, இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம்தான் உண்டோ என்று கேட்கின்றாள். நல்லோர் துன்புறும் இடத்தில் தெய்வத்தின் இருப்பையே ஐயுறும் இக்குரலை, நன்கணியாரின் பழியுரைக்கு அடுத்ததாக வைத்து எண்ணலாம்.

இளங்கோவடிகள் இவ்வினாவுக்கு ஒரு விடையும் தருகின்றார். மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றிப் பழம்பிறப்புக் கதையை உரைக்கின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரோடு அரசனுக்குப் பணிபுரிந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனக் காட்டிக் கொலைப்படுத்தினான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் பயனளித்தது என்பது அக்கதை. பழி சுமத்தியவன் பழி சுமந்தான், கணக்கு நேராகிவிட்டது.

ஆயினும் காப்பியத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. ஊழின் விளக்கம் கட்டுரை காதையில் வருகின்றது. அதற்கு முன்னரே, வழக்குரை காதையில், பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னையே கள்வனென்று தீர்ப்பளித்து அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டுவிட்டான். கோவலன் பெற்றது அவன் பழவினைப் பயன் என்று அவன் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் சிலப்பதிகாரம் காப்பியமாகி இராது. அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும், ஊழ்வினை வந்து பயனூட்டும் என்பதும் அக்காப்பியத்தின் இரு உண்மைகள். இரண்டாவது உண்மை முதலாவதை அழிப்பதில்லை. துன்புற்றவளுக்கு ஆறுதலாக ஊழ் கூறப்படலாம். துன்பம் விளைத்தவனுக்கு அது புகலிடமாகாது. இளங்கோவடிகள் உணர்த்தும் நுண்ணிய நீதி இதுவேயாகும்.

மணிமேகலை பௌத்த காப்பியம். படைப்புக் கடவுளை ஏற்காத சமயத்தில் இறைவன்மேல் பழி கூறுதற்கே இடமில்லை. துன்பத்துக்குக் காரணம் பேதைமை முதலாகத் தொடரும் பன்னிரு சார்பு என அது விளக்கும். ஆனால் அக்காப்பியம் கற்போர் நெஞ்சில் நிலைத்து நிற்பது அவ்விளக்கத்தைவிட அமுதசுரபியே ஆகும். அப்பாத்திரத்தை முன்னர்ப் பெற்ற ஆபுத்திரன் கதை ஈண்டு எண்ணத்தக்கது. தன் முன் தோன்றிய இந்திரனிடம், ஈவாரும் ஏற்பாரும் இல்லாத தேவருலகம் தனக்கு வேண்டா என்று கூறி நகைத்தான் அவன். சினந்த இந்திரன், பன்னீராண்டு வற்கடத்தால் வாடிய பாண்டிய நாட்டில் மழை பெய்வித்து, உண்பாரே இல்லாமற் செய்தான். பாத்திரம் பயனற்றுப் போயிற்று.

துன்பம் இருந்தால்தான் இரக்கம் தழைக்கும், ஆகவே இறைவன் துன்பத்தை வைத்தான் என்று வாதிடுவோர் உண்டு. ஆபுத்திரன் கதை அவ்வாதத்தின் எல்லை வரை சென்று திரும்புகின்றது. ஈகைக்கு இடம் வேண்டுமென்று அவன் பஞ்சத்தை வேண்டி நிற்கவில்லை. சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்று கேட்டுக் கப்பலேறினான். சாவகம் என்பதைச் சாவா தீவு என்றும் அதைச் சார்ந்த தீவுக்கூட்டம் என்றும் அறிஞர் கருதுவர். வழியில் மணிபல்லவத்தில் கப்பல் தங்கியபோது தனியே விடப்பட்ட அவன், பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தால் தான் மட்டும் உண்டு வாழ விரும்பாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். பசி எங்கேயுள்ளது என்று தேடிச் சென்றவனே அக்காப்பியத்தின் அறவோன்.

பக்தரின் வழக்கும் பதிகமும்

பௌத்தமும் சமணமும் படைப்போனை மறுத்தன. சைவமும் வைணவமும் அருளாளனாகிய இறைவனை நிலைநாட்டின. அவ்வாறு நிலைநாட்டியபின் துன்பத்தைப்பற்றிய வினா கூர்மையடைந்தது. அடியவர் அவ்வினாவை மறைக்கவில்லை. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் அந்நோயையே பொருளாக்கித் திருவதிகையில் பாடினார். சங்கிலியார்க்குத் தந்த உறுதிமொழியை மீறித் திருவொற்றியூரை நீங்கிக் கண்ணிழந்த சுந்தரர், திருவாரூரில் இறைவனோடு நேருக்கு நேர் வழக்காடினார். அடியார் இவ்வாறு வருந்தவும் நீர் நலமே வாழ்ந்துகொள்ளும் என்று எள்ளல் தோன்றப் பாடினார். அப்பாடல்களைச் சைவ உலகம் நீக்கிவிடவில்லை. திருமுறையாக்கிக் கோயில்களில் ஓதுகின்றது. வழக்காடுதலும் அன்பின் ஒரு வகை என அது கண்டது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் ஒரு செய்தி, இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருக்கமானது. பனிக்காலத்தில் குளிர்சுரம் பரவி அவருடன் வந்தோரையும் பற்றியது. இது இந்நாட்டின் இயல்பு என்று உடனிருந்தோர் கூறினர். அப்போது சம்பந்தர் பாடியதே திருநீலகண்டப் பதிகம். செய்த வினைக்கு இது பயன் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையன்றோ என்னும் கருத்தோடு அப்பதிகம் தொடங்குகின்றது. வினைக்கொள்கையைச் சம்பந்தர் மறுக்கவில்லை. அக்கொள்கையைக் காரணமாக்கிக் கைகட்டி நிற்பதையே மறுத்தார். அவர் கண்ட மருந்து வழிபாடு. ஆயினும் விளக்கம் வேறு, மீட்சி வேறு என்னும் தெளிவு அதன்கண் உள்ளது.

சாத்திரம் தந்த விடை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரை இயற்றினார். அடுத்து வந்த உமாபதி சிவம் திருவருட்பயன் முதலிய நூல்களைத் தந்தார். துன்பத்தைப்பற்றிய வினாவுக்குத் தமிழில் எழுந்த மிக விரிவான விடை இச்சாத்திரங்களில் உள்ளது.

இறை, உயிர், தளை ஆகிய மூன்றும் தொடக்கமற்றவை என்பது சித்தாந்தம். செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் ஆணவமலம் உயிரை இயல்பாகவே பற்றியுள்ளது. அதனை இறைவன் படைக்கவில்லை. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைப் புலப்படுத்தும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்று உமாபதியார் நுட்பமாக வேறுபடுத்துவார். எல்லாவற்றையும் இறைவனே இன்மையிலிருந்து படைத்தான் எனக் கொள்ளும் சமயங்களுக்கு, தீமையையும் அவனே படைத்தானோ என்ற வினா கடுமையாக எழும். சித்தாந்தம் அத்தளையை அநாதியென்று கொண்டதால் அந்நெருக்கடியிலிருந்து தப்பியது.

அப்படியாயின் துன்பத்தில் இறைவனுக்குப் பங்கில்லையா? உண்டு என்கிறது சாத்திரம். வினை அறிவற்றது, தானே சென்று பயன் தராது. வினைப்பயனை உயிருக்கு ஊட்டுபவன் இறைவனே. மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கின்றான். சில நோய்களை இனிய மருந்தால் தீர்க்கின்றான். பெற்றோர் தம் சொல் கேளாத பிள்ளையை அடித்துத் திருத்துகின்றனர். இவ்வுவமைகளால் அருணந்தியார், இன்பம் தருதலும் துன்பம் தருதலும் ஒரே அருளின் இரு செயல்கள் என நிறுவுகின்றார். இவற்றை அறக்கருணை, மறக்கருணை எனச் சைவர் வழங்குவர். படைத்தல் முதலிய ஐந்தொழிலும் உயிர் தூய்மை பெறும்பொருட்டே நிகழ்கின்றன.

இவ்விடையின் கட்டமைப்பு வியத்தற்குரியது. எனினும் எல்லா நெஞ்சங்களையும் இது ஒருசேர ஆற்றிவிடும் எனல் இயலாது. மருத்துவன் தான் செய்வதை நோயாளிக்குச் சொல்லிச் செய்கின்றான்; பிள்ளை எதற்கு அடிபட்டோம் என்பதை அறிகின்றது. முற்பிறப்பை நினைவு கூராத குழந்தை நோயில் துடிக்கும்போது அதற்கு அக்காரணம் தெரிவதில்லை. இவ்விடத்தில் சித்தாந்தம் அறிவின் வாதத்தை நிறுத்தித் திருவருளின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு வழிவிடுகின்றது. மேலும், இவ்விடை தன் துன்பத்தைத் தான் தாங்குவோனுக்கு ஊன்றுகோலாகப் பயன்படும். பிறன் துன்பத்தைப் பார்த்து நிற்போன் கையில் அதே ஊன்றுகோல் அடிக்கும் கோலாக மாறிவிடக்கூடும். அவன் வினை, அவன் படட்டும் என்ற சொல் தமிழர் வாழ்வில் எத்தனை கதவுகளை அடைத்துள்ளது என்பதை வரலாறு அறியும். தாழ்த்தப்பட்டோரின் இழிநிலையும், கைம்பெண்களின் கண்ணீரும் அச்சொல்லாலேயே நியாயப்படுத்தப்பட்டன.

வடலூரில் எரிந்த அடுப்பு

அக்கதவைத் திறந்தவர் இராமலிங்க அடிகள் (1823–1874). 1867 மே 23ஆம் நாள் வடலூரில் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பின் தீ இன்றும் அணையாது பேணப்படுகின்றது. அவர் எழுதிய சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், பசியையும் கொலையையும் தலையாய துன்பங்களாகக் கொண்டு, அவற்றை நீக்குதலே கடவுள் வழிபாடு என்று கூறுகின்றது.

அந்நூலில் ஒரு தடையை அவரே எழுப்பி அவரே விடை தருகின்றார். உயிர்கள் படும் பசி முதலியன முன்வினைக்காகக் கடவுள் விதித்த தண்டனை என்றால், அதனை நீக்குவது அவர் ஆணைக்கு மாறாகாதோ என்பது தடை. கொலை முதலிய கொடுங்குற்றம் செய்து சிறையிலிருப்போர்க்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவளிக்கின்றான். நரகத்தில் இருப்போர்க்கும் கடவுள் அவ்வாறே உணவளிக்கச் செய்கின்றார் என்பது அடிகளாரின் விடை. தண்டனை உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும், பட்டினியிடும் உரிமை எவர்க்கும் இல்லை. சம்பந்தர் பதிகத்தின் தொடக்கத்தில் ஒலித்த குரல், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வடலூரில் சோறாக மலர்ந்தது எனலாம்.

அடிகளார் மறைந்து இரண்டாண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது ஆண்டுப் பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்ததும், 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்தோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் எனக் குறைத்ததும் மனிதர் செயல். இவற்றையெல்லாம் விதியென்று ஒரே பெயரிட்டு அழைத்தால், ஆட்சியாளர் கணக்குத் தீர்ந்துவிடும். பாண்டியனுக்குச் சிலப்பதிகாரம் தராத சலுகையை அவர்களுக்குத் தருவதாக அது முடியும்.

இவ்வேறுபாடு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றிலும் உயிருள்ள பொருளாகும். 1942–43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்டனர். அவர்தம் சாவுக்கு முற்பிறப்பில் காரணம் தேடுவது, இப்பிறப்பில் காரணமானோரை மறந்துவிடுவதாகும்.

மனிதர் செயலே கலவாத துன்பமும் உண்டு. 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை, கிறித்துமசுக்கு மறுநாள், கடல் பொங்கி எழுந்து வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தோரையும் நாகப்பட்டினத்து மீனவரையும் வாரிச் சென்றது. மலேசியாவில் பினாங்கு, கெடா கரைகளிலும் பிற இடங்களிலுமாக 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கடலை ஏன் இறைவன் தடுக்கவில்லை என்று கேட்டோர் பலர். எச்சமயத்தவராலும் அவர் கண்ணீரை நிறுத்தும் விடையைக் கூற முடியவில்லை. பசிபிக் கடலில் 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கியது; இந்துமாக்கடலுக்கு அத்தகைய அமைப்பு அன்று இல்லை. 2007இல் ஐதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் எழுந்தது. உய்யும் வழியை நாடாதிருப்பது குறை என்னும் சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள்.

இரு வினாக்களும் ஓர் ஒழுங்கும்

திருக்குறளின் இரவச்சத்தைக் கற்பிக்கும் ஆசிரியரிடம், இறைவன் நல்லவனாயின் துன்பம் ஏன் என்று மாணவர் கேட்பது இயல்பு. அவ்வினாவைத் தெய்வ நிந்தனை என்று அடக்குவது தமிழ் மரபன்று. நன்கணியார் கேட்டார், கண்ணகி கேட்டாள், சுந்தரர் கேட்டார். கேட்டவரெல்லாம் நூல்களில் மதிப்போடு இடம் பெற்றுள்ளனர். பௌத்தர் சார்புகளைக் காட்டினர். இளங்கோவடிகள் ஊழைக் காட்டினார். சித்தாந்திகள் ஆணவத்தையும் மறக்கருணையையும் காட்டினர். இவற்றுள் எது மெய் என்பதை அவரவர் நம்பிக்கையும் ஆராய்ச்சியும் முடிவு செய்யட்டும்.

ஆனால் அவ்விடைகளை எடுத்தாளும் முறைக்குத் தமிழ் நூல்கள் ஓர் ஒழுங்கை வகுத்துள்ளன. தன் துன்பத்தைத் தாங்க ஒருவன் வினையை நினைக்கலாம். தான் இழைத்த துன்பத்தை மறைக்க அதனைப் பற்றுக்கோடாகக் கொள்ளலாகாது; பாண்டியன் அதனை உயிர் கொடுத்து உணர்த்தினான். பிறன் துன்பத்தைக் காணும்போது வினையைப்பற்றிய பேச்சைத் தள்ளிவைத்து, கையால் ஆவதைச் செய்தல் வேண்டும். ஆபுத்திரனின் பாத்திரமும் வடலூர் அடுப்பும் அதனையே கூறுகின்றன. நல்லிறைவன் ஒருவன் உளன் என்ற நம்பிக்கைக்கு வாதங்களால் மட்டும் வலிமை சேர்வதில்லை. பசித்தவன் முன் இலை போடப்படும் இடத்தில் அந்நம்பிக்கை பொருளுடையதாகின்றது; இலை போட மறுத்து விளக்கம் மட்டும் கூறும் இடத்தில், நன்கணியாரின் பழிச்சொல் இன்றும் பொருந்தி நிற்கின்றது.